ஒரு நள்ள புத்தகம்

லிப்ட்டுக்குள், தண்ணீர் வெட்டு அறிவித்தலுக்குக் கீழே
புதிதாக ஒரு கடுதாசி:
‘நான் தமில் படிக்கிரேன்.
ஒரு நள்ள புத்தகம் சொள்ளுங்கள்.
ருவந்தி, ஐந்தாம் மாடி.’

வெள்ளவத்தையில் இருபத்தாறு வருடம்.
அரசாங்கப் பலகைகளில் இதைவிட மோசமான தமிழைப் பார்த்து
வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்.
இதற்குச் சிரிப்பு வரவில்லை.
மூன்றாம் மாடியில் இறங்க மறந்து
மொட்டைமாடி வரை போய்த் திரும்பினேன்.

ஆசுபத்திரியில் தாதி என்றார் காவலாளி.
அன்றிரவே எழுதத் தொடங்கினேன்.

முதலில் துப்பறியும் கதை.
மருதானை நடைபாதையில் வாங்கியது, அட்டை இல்லை.
முப்பத்தோராம் பக்கத்தில் எவனோ
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறான்:
‘கொலைகாரன் டாக்டர்தான்.’
நம்பாதீர்கள். நான் நம்பி
கடைசி அத்தியாயம் வரை ஓர் அப்பாவி மனுசனை வெறுத்தேன்.

பிறகு சமையல் புத்தகம்.
நறுக்கு, வதக்கு, கிளறு, இறக்கு:
வினைச்சொல்லுக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை.
ஒரே குறை, எல்லாக் கறிக்கும் ‘உப்பு அளவாக’ என்றிருக்கும்.
யாருடைய அளவு என்று எழுதியவர் சொல்லவில்லை.
கடற்பக்க அலமாரியில் கிடந்ததால்
தாளிலேயே கொஞ்சம் உப்பு இருக்கும், பார்த்துப் போடுங்கள்.

சரித்திரம் வேண்டுமென்றால் இரண்டாம் பாகம் உண்டு.
முதலாம் பாகத்தை இரவல் வாங்கிய யோகச்சந்திரன்
அதோடேயே கனடா போய்விட்டான்.
ஆகவே என் வீட்டில் அரசர்கள் பிறப்பதில்லை,
எடுத்த எடுப்பிலேயே தோற்கிறார்கள்.

விண்வெளிக் கதை ஒன்றும் வைக்கிறேன்.
செவ்வாய்க் கிரகத்தார் சுத்தச் செந்தமிழ் கதைக்கிறார்கள்,
பூமியிலிருந்து போனவனுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.
உங்களுக்கு அவனைப் பிடிக்கும்.

கவிதை இப்போது வேண்டாம்.
பக்கத்தில் வெள்ளை அதிகம், கெதியாய் முடிந்துவிடும்போல் இருக்கும்.
ஏமாந்துபோவீர்கள்.

மேல்தட்டில் ஒன்று இருக்கிறது, பேப்பர் சுற்றி.
எண்பத்துமூன்று, ஆடி மாதம்.
எங்கள் ஒழுங்கையின் பெயரும் அதில் வருகிறது.
அதை எழுதினேன். வெட்டினேன்.
மறுபடி எழுதி, மறுபடி வெட்டினேன்.
விடிந்ததும் மற்றவற்றைப் பையில் போட்டு
அவர் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு
மணி அடிக்காமல் இறங்கி வந்தேன்.

மூன்று கிழமை கழித்துப் பை திரும்பி வந்தது,
என் கதவுப் பிடிக்கு.
சமையல் புத்தகத்தில், கத்தரிக்காய்ப் பக்கத்தில், மஞ்சள் விரலடையாளம்.
துப்பறியும் கதையில், அந்தப் பென்சில்காரனுக்கு நேர்கீழே
பென்சிலாலேயே ஒரு சொல்:
‘இள்ளை.’
அழிறப்பரைக்கூட எடுத்துவிட்டேன்.
பிறகு வைத்துவிட்டேன்.

என் பட்டியலும் உள்ளே இருந்தது.
வெட்டிய வரிக்குப் பக்கத்தில் சின்னதாய் ஒரு கேள்விக்குறி.
கேள்விக்குறியில் எழுத்துப்பிழை விட முடியாது.

பையின் அடியில் எனக்கென்று ஒரு புத்தகம். சிங்களம்.
மெல்லியது, அட்டையில் ஒரு படகும் நாயும்.
இருபத்தாறு வருடமாகச் சிங்களம் கதைக்கிறேன்:
மீன்காரரோடு, வங்கியில்,
பொலிஸ் நிலையத்தில் மிகமிக மரியாதையாக.
வாசித்தது பஸ் பலகை மட்டும்.

ஏழு மணி ரயில் ஜன்னலை உலுக்கிவிட்டுப் போனது.
மூன்றாம் பக்கம், நாலாம் வரி.
காதுக்கு நிச்சயம் தெரிந்த சொல்தான்,
கண்தான் உள்ளே விடமாட்டேன் என்கிறது.

சொல்லின்மேல் ஒரு விரலை வைத்தபடி
லிப்ட்டுக்குக் காத்து நின்றேன்.
மேல்தட்டுப் புத்தகம் கக்கத்தில், பேப்பர் சுற்றியபடியே,
கொடுப்பேனா தெரியாது.
தண்ணீர் வந்து எத்தனையோ நாள். அறிவித்தல் இன்னும் அங்கேதான்.
ஐந்தை முழங்கையால் அழுத்தினேன்.